ஐரோப்பாவின் எல்லைக் கார்பன் விதியும் கனரகத் தொழில் கூட்டமைப்புகளும்

சிமென்ட், இரும்பு, எஃகு, அலுமினியம், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவற்றை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறக்குமதி செய்பவர், அவற்றின் உற்பத்தியில் வெளியான கரியமில வாயுவுக்கு உரிய விலையைச் செலுத்த வேண்டும் என்பதே எல்லைக் கார்பன் விதி. 2023 அக்டோபர் முதல் 2025 இறுதி வரை உமிழ்வுக் கணக்கைத் தாக்கல் செய்தாலே போதுமானதாக இருந்தது. 2026 ஜனவரி 1 முதல் பணம் கட்டும் பொறுப்பும் சேர்ந்துகொண்டது. 2026-இல் வந்த சரக்கின் உமிழ்வுக்கு ஈடாகப் பணம் கொடுத்து வாங்கும் சான்றிதழ்களை 2027 செப்டம்பர் 30-க்குள் ஒப்படைக்க வேண்டும். எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம் ஆகியவற்றை ஓராண்டில் மொத்தம் 50 டன்னுக்கு மேல் கொண்டுவராதவருக்கு விலக்கு உண்டு.

இந்த விதியின் மறுபாதி ஐரோப்பிய ஆலைகளைப் பற்றியது. அந்த ஆலைகளின் சார்பில் பேசும் தொழில் கூட்டமைப்புகளின் கவனம் பெரும்பாலும் அங்கேதான் குவிந்திருந்தது. 2005-இல் தொடங்கிய உமிழ்வு வர்த்தகத் திட்டத்தின்படி ஆலைகள் வெளியிடும் ஒவ்வொரு டன்னுக்கும் ஓர் உரிமம் தேவை. ஆனால் தொழில்கள் வெளிநாட்டுக்கு இடம்பெயர்ந்துவிடும் என்ற அச்சத்தால் எஃகு, சிமென்ட் ஆலைகளுக்கு அவற்றில் பெரும்பங்கு இலவசமாகவே வழங்கப்பட்டு வந்தது. இறக்குமதிக்கும் விலை வைத்தபின் அந்தச் சலுகைக்கு அவசியமில்லை என்பது, ஒன்றியத்தின் சட்ட வரைவுகளை முன்வைக்கும் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தின் வாதம். எல்லையில் பாதுகாப்பும் வேண்டும், இலவச உரிமங்களும் விரைவில் குறையக் கூடாது என்பது எஃகு உற்பத்தியாளர் கூட்டமைப்பான யூரோஃபெர் வலியுறுத்திய நிலைப்பாடு.

ஆணையம் 2021 ஜூலையில் முன்வைத்த வரைவில், இலவச உரிமங்கள் 2026 முதல் ஆண்டுக்குப் பத்து விழுக்காட்டுப் புள்ளி வீதம் குறைந்து 2035-இல் தீர்ந்துவிடும். நிறைவேறிய சட்டத்தில் முடிவாண்டு 2034. ஆக, ஓராண்டு முன்னதாகவே முடிகிறது என்பதால் சட்டம் கடுமையானதாகத் தோன்றும். இடைப்பட்ட ஆண்டுகளைப் பார்த்தால் படம் வேறு. 2028-இல் வரைவின்படி 30 விழுக்காடு குறைந்திருக்க வேண்டிய இடத்தில், சட்டத்தின்படி குறைவது 10 விழுக்காடுதான். உலைகளை மாற்றும் முதலீட்டு முடிவுகள் எடுக்கப்பட வேண்டிய ஆண்டுகளில் அழுத்தம் தளர்ந்து, 2029-க்குப் பிறகு சட்டென்று கூடுகிறது. உறுப்பு நாடுகளும் நாடாளுமன்றக் கட்சிகளும் நடத்திய நீண்ட பேரத்தின் விளைவு இது. கூட்டமைப்புகளை மட்டும் காரணமாகக் காட்டுவது நியாயமாகாது. ஆயினும் 'காலநிலை இலக்கை ஆதரிக்கிறோம்' என்ற முகப்பு அறிக்கையைவிட, அட்டவணையில் எந்த ஆண்டு எவ்வளவு என்று ஓர் அமைப்பு கேட்கிறது என்பதே அதன் உண்மையான நிலையைக் காட்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எல்லாத் துறைகளின் கோரிக்கையும் ஒன்றல்ல. சிமென்ட் உற்பத்தியில் வெளியாகும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 60 விழுக்காடு, எரிபொருளிலிருந்தன்றிச் சுண்ணாம்புக்கல் சிதைவதிலிருந்தே வருகிறது. எரிபொருளை மாற்றினாலும் அந்தப் பகுதி குறையாது என்பதால், வாயுவைப் பிடித்துச் சேமிக்கும் குழாய்த்தடங்களுக்கும் கிடங்குகளுக்கும் அரசு துணை நிற்க வேண்டும் என்று சிமென்ட் கூட்டமைப்பான செம்பியூரோ கேட்பதைத் தட்டிக்கழிக்கும் தந்திரமாகக் கருத இயலாது. அலுமினியத்தில் சிக்கல் மின்சாரத்தில் இருக்கிறது: உருக்கும் மின்சாரத்தால் நேரும் உமிழ்வு இந்த விதியில் இப்போது சேர்க்கப்படவில்லை. ஆலைக் கழிவு உலோகத்துக்குச் சுழிய உமிழ்வு என்று கணக்கிடப்படுவதால், அதை உருக்கிச் செய்த பொருள் விதியிலிருந்து நழுவிவிடும் என்பதையும் அத்துறையினர் சுட்டிக்காட்டி வந்திருக்கிறார்கள். இது சரியான எச்சரிக்கை.

இவ்வளவும் மூடிய அறைக்குள் மட்டும் நடப்பதில்லை. செல்வாக்கு செலுத்த முனையும் அமைப்புகள் பதிந்துகொள்ளும் வெளிப்படைத்தன்மைப் பதிவேட்டில் அவற்றின் செலவு மதிப்பீட்டையும், ஆணையர்களுடன் நடந்த சந்திப்புகளையும் எவரும் பார்க்கலாம். வரைவுகள் மீதான பொதுக் கருத்துக்கேட்பில் கூட்டமைப்புகள் எழுதும் பதில்கள் ஆணையத்தின் இணையதளத்தில் வெளியாகின்றன. எந்த நாட்டவரும் அதே படிவத்தில் தம் கருத்தைப் பதியலாம். எஃகு, அலுமினியம் கொண்டு செய்யப்படும் ஏறத்தாழ 180 வகைப் பொருள்களுக்கும் விதியை நீட்டிக்க ஆணையம் 2025 டிசம்பரில் முன்மொழிந்தது. மூலப்பொருளுக்கு மட்டும் விலை வைத்தால் இறக்குமதி முடிவுற்ற பொருள்களின் பக்கம் திரும்பிவிடும் என்று யூரோஃபெர் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்த கோரிக்கையின் தடத்தை அந்த முன்மொழிவில் தெளிவாகக் காணலாம்.