ஒரு பிரேமுக்குப் பதினான்கு மீட்டர்

விளையாட்டரங்கில் நடக்கும் ராக் இசை நிகழ்ச்சியைப் படமாகப் பார்க்கும்போது, கிரேன் கேமரா உயரத்திலிருந்து கூட்டத்தைக் காட்டும் இடங்களைக் கவனியுங்கள். பாட்டின் தாளத்துக்கு ஆயிரக்கணக்கானோர் தலைக்குமேல் கைதட்டுகிறார்கள். ஆனால் எல்லாக் கைகளும் ஒரே கணத்தில் சேர்வதில்லை. மேடையோரத்தில் தொடங்கும் அசைவு, நெல்வயலில் காற்று ஓடுவதுபோல், பின்வரிசை நோக்கி ஓடுகிறது. பின்னால் நிற்பவர்களுக்குத் தாளம் பிடிபடவில்லை என்று எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொருவரும் தம் காதுக்கு வந்த அடிக்குச் சரியாகவே தட்டுகிறார்கள். அந்த அடி அவர்களை வந்தடையத்தான் நேரமாகிறது. நாம் பார்ப்பது ஒலி அலையை. கைகளால் வரையப்பட்ட ஒலி அலை.

20 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு டிரம்ஸ் அடி 0.29 விநாடி கழித்தே கேட்கும். நிமிடத்துக்கு 120 அடி கொண்ட பாட்டு என்றால் இரண்டு அடிகளுக்கு நடுவே அரை விநாடிதான் இடைவெளி. அதில் பாதிக்கு மேல் கடந்த பிறகே அவர் கை சேர்கிறது. அந்தக் கைதட்டல் மேடைக்குத் திரும்பி வரும்போது 0.58 விநாடி ஆகிவிடும், அதாவது ஓர் அடிக்கும் மேல். மேடையில் நிற்பவர் கூட்டத்தைக் கேட்டு வாசித்தால் பாட்டு சில நொடிகளில் குலைந்துபோகும்.

கேமராவுக்கோ இந்தத் தாமதம் இல்லை. விநாடிக்கு 25 பிரேம், அதாவது 25 தனிப்படங்கள், என்று படம் பிடித்தால் ஒரு பிரேமுக்கு 40 மில்லி விநாடி. அதற்குள் ஒலி கடப்பது 14 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. மேடையிலிருந்து ஒவ்வொரு 14 மீட்டர் விலகும்போதும் ஒலி படத்தைவிட ஒரு பிரேம் பின்தங்குகிறது. இசை நிகழ்ச்சிப் படத்தின் தொழில்நுட்பத்தில் பெரும்பகுதி இந்தக் கணக்கை நேர்செய்வதுதான் என்பது என் எண்ணம். கேமராக்களின் எண்ணிக்கையும் லென்ஸ்களின் தரமும் அதற்குப் பிறகுதான்.

மின்னணு ராக் குழுக்களுக்கு இதில் ஒரு தனி வசதி உண்டு. இவர்கள் இசையில் ஒரு பகுதி மனிதர் வாசிப்பது, மறுபகுதி முன்பே நிரல்படுத்தி வைத்தது. சின்தசைசர் வரிசைகளும் எலெக்ட்ரானிக் தாளங்களும் கணினியிலிருந்து வருகின்றன. கணினி டிரம்ஸ் கலைஞரைப் பார்த்துத் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளாது. அவர்தான் கணினியோடு போக வேண்டும். அதற்காக அவர் காதில் செருகிய சிறு ஒலிப்பானில் ‘டிக், டிக்’ என்று ஒரு சத்தம் நிகழ்ச்சி முழுவதும் ஒலித்துக்கொண்டிருக்கும். அதைக் கிளிக் என்பார்கள். அரங்கில் பல்லாயிரம் பேர் இருந்தாலும் அது கேட்பது மேடையில் உள்ள சிலருக்கு மட்டும்தான்.

ஆரம்ப காலத்தில் இந்த வேலையை டேப் செய்தது. பிறகு 1983இல் மிடி என்ற பொது மொழி வந்தது. ஒரு நிறுவனத்தின் சின்தசைசரும் இன்னொரு நிறுவனத்தின் தாளக் கருவியும் பேசிக்கொள்ள வழி செய்த அந்த ஏற்பாட்டில், ஒவ்வோர் அடிக்கும் 24 துடிப்புகளைக் கருவிகள் தமக்குள் அனுப்பிக்கொள்கின்றன. அதை உருவாக்க முன்னின்ற டேவ் ஸ்மித்துக்கும் இகுடாரோ ககேஹாஷிக்கும் 2013இல் கிராமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. இன்றைய மேடைகளில் பெரும்பாலும் இரண்டு கணினிகள் ஒரே பாட்டை ஒரே நேரத்தில் ஓட்டிக்கொண்டிருக்கும். முதல் கணினி இடைவிடாமல் ஓர் அடையாளச் சமிக்ஞையை அனுப்பும்; அது நின்ற கணமே ஒலி இரண்டாம் கணினிக்கு மாறிவிடும். கூட்டத்துக்குத் தெரியவே தெரியாது.

அதே கணினி டைம்கோட் என்ற இன்னொன்றையும் அனுப்புகிறது. மணி, நிமிடம், விநாடி, பிரேம் ஆகிய நான்கையும் ஒரு பிரேமுக்கு 80 பிட்களாகச் சுருக்கி ஒலிச் சமிக்ஞையாகவே கம்பியில் ஓட்டுவது. ஸ்பீக்கரில் கேட்டால் காதைக் கிழிக்கும் இரைச்சல். இயந்திரங்களுக்கோ அது மணிக்கூண்டு. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு மணி என்று ஒதுக்குவது பரவலான வழக்கம்: முதல் பாட்டு 1 மணியில் தொடங்கும், இரண்டாவது 2 மணியில். விளக்குகளை இயக்கும் பலகையும் பின்திரைக் காட்சிகளும் அந்த எண்ணைப் பார்த்தே அசைகின்றன. படத்தொகுப்பாளரின் மேசைக்கு வரும் ஒவ்வொரு துண்டிலும் அந்த எண் பதிந்திருந்தால், எந்தக் கேமராவில் எந்தக் கணம் என்று தேட வேண்டியதில்லை.

எண் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது, எண்ணும் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒவ்வொரு கேமராவுக்குள்ளும் ஒலிப்பதிவுக் கருவிக்குள்ளும் ஒரு குவார்ட்ஸ் படிகம் துடிக்கிறது. இரண்டு படிகங்களுக்கிடையே பத்து லட்சத்தில் 10 பங்கு வேறுபாடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மிகச் சிறிய பிழைதான். ஆனால் இரண்டு மணி நேரம் முடியும்போது அது 72 மில்லி விநாடியாக, ஏறக்குறைய இரண்டு பிரேமாக வளர்ந்துவிடும். கடைசிப் பாட்டில் பாடகரின் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். அதனால்தான் ஒரே தலைமைக் கடிகாரத்தின் துடிப்பை எல்லாக் கருவிகளுக்கும் கொடுத்து, சொந்தப் படிகத்தை ஒதுக்கிவைத்து இதைப் பின்பற்று என்று கட்டளையிடுகிறார்கள்.

இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டியவர்களில் ஒருவரைச் சொல்லாமல் போக மனமில்லை. 1988 ஜூன் 18 அன்று கலிபோர்னியாவின் பாசடேனாவில் ரோஸ் பவுல் அரங்கில் டெபெஷ் மோட் என்ற பிரிட்டிஷ் மின்னணு இசைக்குழு நடத்திய நிகழ்ச்சியைத் தன் கூட்டாளிகளோடு படமாக்கியவர் ஆவணப்பட இயக்குநர் டி. ஏ. பென்னிபேக்கர். அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே, கேமராவையும் டேப் ரெக்கார்டரையும் கம்பியால் கட்டிப்போடாமல் ஒத்து ஓடவைக்க முயன்ற சிறு குழுவில் அவரும் இன்னோர் ஆவணப்படக்காரரான ரிச்சர்ட் லீகாக்கும் இருந்தார்கள். அவர்கள் துணைக்கு எடுத்துக்கொண்டது அக்யூட்ரான் கைக்கடிகாரம். அதற்குள் விநாடிக்கு 360 முறை அதிரும் குட்டி இசைக்கவை இருந்தது. காலம் காட்ட ஓர் இசைக்கருவித் துண்டு, அந்தக் காலத்தைக் கொண்டு இசையைப் படமாக்குவது: இந்தச் சுழற்சி என்னை இன்றும் மகிழவைக்கிறது.

கிளிக் தரும் இன்னொரு பரிசு, இரவுகளை ஒட்டலாம் என்பது. டெபெஷ் மோட் குழு 2023 செப்டம்பரில் மெக்சிகோ நகரில் நடத்திய மூன்று நிகழ்ச்சிகளிலிருந்து ஒரே படம் உருவானது. கிளிக்கோடு வாசித்த ஐந்து நிமிடப் பாட்டு, அடுத்த இரவிலும் அதே ஐந்து நிமிடம்தான். வித்தியாசம் சில மில்லி விநாடி. முதல் இரவின் முகத்தையும் மூன்றாம் இரவின் விரல்களையும் அடுத்தடுத்து வைத்தாலும் தாளம் இடறாது. கிளிக் இல்லாமல் உணர்வுக்கேற்ப வேகம் மாற்றி வாசிக்கும் குழுவிடம் இதை எளிதில் செய்ய முடியாது. அந்தச் சுதந்திரத்தின் அழகு வேறு. மெக்சிகோ நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறதே, மெலிந்த காற்றில் ஒலி மெதுவாகப் போகாதா என்று ஒருவர் கேட்கலாம். போகாது. ஒலியின் வேகம் காற்றழுத்தத்தைப் பொறுத்தது அல்ல, வெப்பநிலையைப் பொறுத்தது. வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் வேகம் விநாடிக்கு 0.6 மீட்டர் குறையும்.

ஒலிக்கு இவ்வளவு என்றால், கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கும் இன்னொரு கடிகாரம் மேடைக்குப் பின்னால் நிற்கிறது: எல்இடி திரை. அந்த விளக்குப் புள்ளிகள் மங்கலாக எரிவதில்லை. விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை எரிந்து அணைகின்றன. எரியும் நேரம் குறைந்தால் கண்ணுக்கு மங்கலாகத் தெரிகிறது. கண் சராசரி எடுத்துக்கொள்ளும். கேமரா அப்படியில்லை, ஐம்பதில் ஒரு பங்கு விநாடி மட்டும் கண்திறந்து மூடுகிறது. விநாடிக்கு 1,920 முறை துடிக்கும் திரை என்றால் அதற்குள் 38.4 துடிப்புகள். அந்த 0.4தான் தொல்லை. அதோடு இன்றைய கேமராச் சில்லுகள் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதால், சில வரிகளுக்கு 38 துடிப்பும் அடுத்த சில வரிகளுக்கு 39 துடிப்பும் கிடைத்து, திரையில் இல்லாத கரும்பட்டைகள் படத்தில் ஊர்கின்றன. மின்னல் விளக்குகள் இன்னும் மோசம்: பாதி வரிகள் படிக்கப்பட்ட பின் பளிச்சிட்டால் பிரேமின் ஒரு பாதி வெளுத்தும் மறுபாதி இருண்டும் இருக்கும். திரையின் துடிப்பையும் தலைமைக் கடிகாரத்தோடு இணைத்துவிட்டால் பட்டைகள் பெரும்பாலும் அடங்கும்.

அடங்காத ஒன்றும் உண்டு. இரண்டு கொசுவலைகளை ஒன்றன்மேல் ஒன்று பிடித்தால் நெளியும் கோலங்கள் தோன்றும் அல்லவா, திரையின் புள்ளிக் கட்டமும் சில்லின் புள்ளிக் கட்டமும் சேரும்போதும் அதே நெளிவுதான். கடிகாரத்தால் தீராத இதற்கு மருந்து ஒளிப்பதிவாளரின் கையில் இருக்கிறது: பாடகரின் முகத்தில் கூர்மையை வைத்து, பின்னாலுள்ள திரையை மெல்லக் கலங்கவிடுவது. இந்தப் படங்களில் பின்திரை எப்போதும் கனவுபோல் தெரிவதற்கு அழகுணர்ச்சி மட்டுமே காரணம் இல்லை.

இனி ஒலிக்குத் திரும்புவோம். ஒவ்வொரு மைக்கின் சமிக்ஞையும் மூன்றாகப் பிரிகிறது: அரங்கத்துக்கு ஒன்று, கலைஞர்களின் காதுக்கு ஒன்று, பதிவுக்கு ஒன்று. நூறு தடங்களில் ஒலியை விநாடிக்கு 48,000 முறை அளந்து, ஓர் அளவுக்கு 24 பிட் என்று பதிந்தால் இரண்டு மணி நேரத்துக்குச் சுமார் 100 ஜிகாபைட் சேரும். அதில் சின்தசைசர்களின் தடங்கள் விசித்திரமானவை. அவை கம்பி வழியாக நேராக வருவதால் காற்றையே தொடுவதில்லை. அவற்றை மட்டும் கலந்தால் அறைக்குள் பதிந்த பாட்டுபோல் வறண்டு ஒலிக்கும். அரங்கின் பிரமாண்டம் முழுவதும் கூட்டத்தை நோக்கி வைத்த மைக்குகளில்தான் இருக்கிறது.

அங்கேதான் பழைய கணக்கு திரும்பி வருகிறது. மேடையிலிருந்து 35 மீட்டர் தள்ளி இருக்கும் மைக்குக்குப் பாட்டு 102 மில்லி விநாடி தாமதமாக வந்து சேர்கிறது. அப்படியே கலந்தால் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஓர் எதிரொலி உதைக்கும். ஒலிப்பொறியாளர் அந்தத் தடத்தை 102 மில்லி விநாடி முன்னால் இழுக்கிறார். உடனே ஓர் இனிய விளைவு: அந்த மைக்கருகே நின்றவர்கள் தாமதமாகக் கேட்டுத் தாமதமாகத் தட்டிய கைதட்டலும் பாட்டின் அடியோடு போய்ப் பொருந்துகிறது. ஆனால் அதே ஆட்களை ஒரு கேமரா நெருக்கமாகக் காட்டினால்? கைதட்டலின் ஒலி முன்னால் போய்விட்டது, கைகளின் படமோ பழைய இடத்தில் நிற்கிறது. படத்தொகுப்பாளர் அந்தக் காட்சியையும் இரண்டு மூன்று பிரேம் முன்தள்ளியே வைக்க வேண்டும். நுணுக்கமான தொகுப்பாளரின் படத்தில் கூட்டத்தின் ஒவ்வொரு முகமும் மேடையின் நேரத்துக்கு வந்துவிடுகிறது.

கிரேன் காட்சிக்கு மட்டும் இந்த மருந்து இல்லை. அந்த ஒரே பிரேமில் 10 மீட்டரும் 100 மீட்டரும் சேர்ந்து இருக்கின்றன. முன்வரிசைக்குச் சரிசெய்தால் பின்வரிசை பிசகும். அலையை அலையாகவே விட்டுவிட வேண்டியதுதான்.

மூளை இதில் பெருந்தன்மையானது. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை ஒன்று, ஒலி படத்துக்கு 45 மில்லி விநாடி முந்தினாலே பார்ப்பவர் கண்டுகொள்கிறார், பிந்தினால் 125 மில்லி விநாடி வரை கண்டுகொள்வதில்லை என்கிறது. தூரத்தில் நடக்கும் எதையும் நாம் முதலில் பார்த்துப் பிறகுதான் கேட்கிறோம். இடியும் மின்னலும் அப்படித்தான். ஒலி முந்துவது இயற்கையில் கிடையாது. அதனால் ஒலிக்கலவையில் ஐயம் வந்தால் சற்றுப் பிந்த விடுவதே நல்லது. கூட்டத்தின் மைக்குகளை முழுவதுமாக இழுத்துவிடாமல் பத்து, இருபது மில்லி விநாடி மிச்சம் வைத்தால் அரங்கின் ஆழமும் காதுக்குத் தெரியும். என் காதுக்கு அப்படிக் கலந்த படங்களே பிடிக்கின்றன.

கடைசிப் பாட்டு முடிகிறது, கிளிக் நிற்கிறது. இப்போது அரங்கில் எந்தத் தலைமைக் கடிகாரமும் இல்லை. கைதட்டல் வெறும் மழை இரைச்சலாக இருப்பதால், எந்த இரவின் கைதட்டலையும் எதனோடும் ஒட்டலாம். பிறகு, மீண்டும் மேடைக்கு வரச்சொல்லிக் கேட்கும் கூட்டம் யாரும் சொல்லாமலே ஒரே தாளத்துக்கு வந்துவிடும். 2000இல் நேச்சர் ஆய்விதழில் வெளியான ஓர் ஆய்வு இதை அளந்தது. கூட்டம் ஒத்துத் தட்டத் தொடங்கும்போது ஒவ்வொருவரும் தம் வேகத்தை ஏறக்குறைய பாதியாகக் குறைத்துக்கொள்கிறார்கள். வேகமாகத் தட்டும்போது ஆளுக்காள் வேகம் மிகவும் வேறுபடுகிறது. மெதுவாகும்போது அந்த வேறுபாடு சுருங்கி, ஒருவரை ஒருவர் பிடித்துக்கொள்ள முடிகிறது. சத்தம் போதவில்லை என்று மறுபடி வேகம் கூட்டினால் ஒழுங்கு சிதறுகிறது. மறுபடி மெதுவாகிறார்கள், மறுபடி சேர்கிறார்கள். மேடைக்குப் பின்னால், இருட்டில், டிரம்ஸ் கலைஞர் காதொலிப்பானைத் திரும்பச் செருகிக்கொள்கிறார். அவருக்கு மட்டும் நான்கு ‘டிக்’ கேட்கிறது.