தென்கொரியாவில் ஆட்சி மாறும்போது ஏவுகணை எச்சரிக்கை என்ன ஆகிறது?

வடகொரியா கிழக்கு நோக்கி ஏவும் ஓர் ஏவுகணையைத் தொடக்கம் முதல் முடிவு வரை பின்தொடர, தரையில் நிற்கும் ஒரு நாட்டின் ராடார்கள் மட்டும் போதா. புவியின் பரப்பு வளைந்திருப்பதால், ஏவுகணை மேலெழுவதைத் தென்கொரிய ராடார்கள் முதலில் காண்கின்றன. கடலில் விழும் இறுதிக் கட்டம் ஜப்பானிய ராடார்களுக்கே தெளிவாகத் தெரிகிறது. ஆகவே இரு நாடுகளும் தகவலைப் பகிர்ந்துகொள்வது அவசியமாகிறது. ஆனால் பகிர்வதா வேண்டாமா என்பது சியோலில் யார் அதிபராக இருக்கிறார் என்பதைப் பெரிதும் பொறுத்தே இருந்துவந்துள்ளது.

2016 நவம்பரில் தென்கொரியாவும் ஜப்பானும் கையெழுத்திட்ட ராணுவத் தகவல் பாதுகாப்பு ஒப்பந்தம் ஆண்டுதோறும் தானாகப் புதுப்பிக்கப்படும். விலக விரும்பும் நாடு 90 நாட்களுக்கு முன்பு அறிவித்தால் போதும். ஐந்தாண்டுப் பதவியை ஒரே ஒருமுறை மட்டும் வகிக்கும் தென்கொரிய அதிபர்களில் அடுத்து வந்த மூன் ஜே-இன், அந்த வாய்ப்பைப் பயன்படுத்தினார். கொரியாவை ஜப்பான் ஆண்ட காலத்தில் கட்டாய உழைப்புக்கு ஆளானோருக்கு ஜப்பானிய நிறுவனம் இழப்பீடு தர வேண்டும் என்று தென்கொரிய உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருந்தது. இதனால் எழுந்த பிணக்கில், 2019 ஜூலையில் ஜப்பான், சிப் தயாரிப்புக்கு இன்றியமையாத மூன்று பொருள்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. ஆகஸ்டில் மூன் அரசு விலகலை அறிவித்து, நவம்பரில் ஒப்பந்தம் காலாவதியாகச் சில மணி நேரமே இருந்தபோது அந்த விலகலை நிறுத்திவைத்தது.

2022 அதிபர் தேர்தலில் ஒரு சதவீதப் புள்ளிக்கும் குறைவான வித்தியாசத்தில் வென்ற யூன் சுக்-யோல், 2023 மார்ச்சில் தென்கொரிய அறக்கட்டளையே இழப்பீடு வழங்கும் என அறிவித்து, ஒப்பந்தத்தையும் முழுமையாக மீட்டார். ஆகஸ்டில் அமெரிக்க அதிபரின் ஓய்விடமான கேம்ப் டேவிட்டில் அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியத் தலைவர்கள் கூடினர். டிசம்பரில் ஏவுகணை எச்சரிக்கைத் தரவை உடனுக்குடன் பகிரும் அமைப்பு இயங்கத் தொடங்கியது. 2024-இல் முத்தரப்புச் செயலகமும் அமைந்தது. பாதிக்கப்பட்ட முதியவர்களில் சிலர் அந்தத் தொகையை ஏற்க மறுத்தபோதும் முடிவு மேலிருந்தே திணிக்கப்பட்டது. இதுவே யூனின் முயற்சியில் இருந்த பெருங்குறை என நான் கருதுகிறேன்.

அக்கொள்கையை எதிர்க்கட்சித் தலைவராகக் கடுமையாகச் சாடிய லீ ஜே-மியோங், 2025 ஜூனில் அதிபரானபின், ஆகஸ்டில் வாஷிங்டனுக்குச் செல்லும் வழியில் முதலில் டோக்கியோவுக்கே சென்றார். யூன் ஜப்பானுடன் எட்டிய இணக்கத்தையும் அவர் ரத்துசெய்யவில்லை. ஒரு கையெழுத்தைத் திரும்பப் பெறுவது எளிது. நாள்தோறும் இயங்கும் தரவு இணைப்பையும் செயலகத்தையும் கலைப்பதோ, ஆபத்தான நேரத்தில் தம் மக்களின் எச்சரிக்கையைத் தாமே குறைத்துக்கொள்வதாகும்.