பெயரே தெரியாத போதைப்பொருளை எடை போட்டுப் பிடிக்கிறார்கள்

மார்த்தாண்டத்தில் இருந்து ஒரு கல்லூரி ஆசிரியை கேட்டிருந்தார். கேரள எல்லையில் உள்ள களியக்காவிளை வழியாகப் புதுப்புது போதை மாத்திரை, போதைப்பொருள் தடவிய ஸ்டாம்ப் எல்லாம் வருவதாகப் பேசிக்கொள்கிறார்களே, கடையில் வாங்கும் சிறுநீர் டெஸ்ட் கிட்டில் இதெல்லாம் தெரியுமா என்று.

பெரும்பாலும் தெரியாது. கிட்டில் உள்ள ஆன்டிபாடி என்ற புரதம், ஏற்கெனவே தெரிந்த சில மூலக்கூறுகளின் வடிவத்தோடு மட்டுமே ஒட்டும். மூலக்கூறின் ஒரு மூலையை மாற்றிவிட்டால் பல சமயம் கிட் ஏமாந்துவிடும், போதை மட்டும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். மெஃபெட்ரோன் என்ற செயற்கைப் போதைப்பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2010-ல் தடை செய்தது, இந்தியா 2015-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டு வந்தது. ஐரோப்பாவில் தடை வந்த பிறகு, மெத்தில் தொகுதி என்ற சின்ன அணுக்கூட்டம் ஒன்றை மட்டும் இடம் மாற்றி, 3-எம்எம்சி என்ற புதுப் போதைப்பொருள் சந்தைக்கு வந்துவிட்டது.

சரி, பெயரே இல்லாத ஒன்றை எப்படித் தேடுவது? எடை போட்டுத்தான். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற நிறை அளக்கும் கருவியில் ஒரு வகை, மூலக்கூறுக்கு மின்னூட்டம் கொடுத்து, குழாயில் பறக்கவிட்டு, வந்து சேர எடுத்த நேரத்தை வைத்து நிறையைக் கணக்கிடும். இதில் எனக்குத் தீராத ஆச்சரியம் அந்த நான்கு தசம இலக்கங்கள்தான். மெஃபெட்ரோனின் நிறை 177. எம்.டி.ஏ.ஐ என்ற இன்னொரு போதைப்பொருளும் 177. காய்கறிக் கடைத் தராசில் இரண்டும் ஒன்றுதான், ஆனால் நகைக்கடைத் தராசு போன்ற நுட்பமான கருவியில் ஒன்று 177.1154, மற்றது 177.0790. இரண்டுக்கும் வித்தியாசம், ஒன்றில் ஓர் ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் மற்றதில் ஒரு கார்பனும் நான்கு ஹைட்ரஜனும் இருக்கின்றன. பள்ளிக் கணக்கில் இரண்டுமே 16. உண்மையில் ஆக்சிஜன் 15.9949, மற்றது 16.0313.

ஏன் முழு எண்ணாக வரவில்லை? புரோட்டானும் நியூட்ரானும் அணுக்கருவில் ஒட்டிக்கொள்ளும்போது ஆற்றல் வெளியேறுகிறது, அந்த ஆற்றலுக்கு ஈடாக நிறையும் குறைகிறது, ஐன்ஸ்டீனின் அதே சமன்பாடுதான். கார்பனை 12 என்று வைத்துக்கொண்டு அளந்தால், ஒட்டிக்கொள்ள துணையே இல்லாத ஹைட்ரஜன் 1.0078 என்று கொஞ்சம் கனமாகவே நிற்கிறது. அதனால் தசமத்தைப் பார்த்தே மூலக்கூறில் ஹைட்ரஜன் அதிகமா, ஆக்சிஜன் அதிகமா என்று ஊகிக்கலாம். நட்சத்திரங்களை எரிய வைக்கும் அதே நிறை இழப்பு, ஒரு பையனின் சிறுநீர்த் துளியில் என்ன கலந்திருக்கிறது என்றும் காட்டிக்கொடுக்கிறது!

எடை மட்டும் எல்லாவற்றுக்கும் போதாது. 3-எம்எம்சியும் மெஃபெட்ரோனும் நான்கு தசமம் வரைக்கும் ஒன்றுதான், அங்கே மூலக்கூறை உடைத்துத் துண்டுகளைப் பார்க்க வேண்டும், சில சமயம், அணுக்கள் எப்படி இணைந்திருக்கின்றன என்று காந்தப்புலத்தில் வைத்துப் பார்க்கும் என்.எம்.ஆர் சோதனையும் தேவைப்படும். ஒப்பிட்டு உறுதி செய்ய சுத்தமான மாதிரிப் பொருளும் வேண்டும்.

அப்புறம் இன்னொரு வசதி. கருவி தேடியதை மட்டும் இல்லாமல், கண்ணில் பட்ட எல்லா நிறைகளையும் பதிவு செய்து வைக்கும்படி அமைக்கலாம். இரண்டு வருடம் கழித்து வேறொரு நாட்டில் ஒரு புதுப் போதைப்பொருளின் மூலக்கூறு வாய்பாடு தெரிய வந்தால், அதன் நிறையைக் கணக்கிட்டுப் பழைய கோப்புகளில் தேடலாம். மாதிரி கையில் இருக்கவேண்டிய அவசியம்கூட இல்லை. இதற்காகத்தான் தகவல் பகிர்வு முக்கியம். ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னெச்சரிக்கை அமைப்பு 1997-ல் தொடங்கியது, ஐ.நா.வுடையது 2013-ல். இதுவரை உலகில் 1,200-க்கும் மேற்பட்ட புதுப் போதைப்பொருட்கள் பதிவாகியிருக்கின்றன.

ஐரோப்பிய நகரங்களில் சாக்கடை நீரை எடுத்தே ஊரின் போதைப் பழக்கத்தை அளக்கிறார்கள். குமரி மாவட்டத்தில் பெரும்பாலும் வீட்டுக்கொரு செப்டிக் டேங்க் என்பதால் அப்படியே செய்ய முடியாது. ஆனால் பெரிய விடுதிகளின் கழிவுநீரில், யார் என்று தெரியாத வகையில், செய்து பார்க்கலாம்; இந்த மாதிரி ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்காமல் விழிப்புணர்வு பேனர் மட்டும் அடிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அதேபோல, போதையால் ராத்திரி முழுக்கத் தூங்காமல் ஏதேதோ உருவங்களைக் கண்டு அலறும் பையனை மந்திரவாதியிடம் கொண்டுபோய்க் கயிறு கட்டுகிறார்களே, அது எனக்கு ஆத்திரமாகவே வருகிறது. உயிருக்கு ஆபத்து என்பது ஒருபக்கம். இந்தப் போதைப்பொருட்களில் பல ஓரிரு நாளில் உடம்பை விட்டுப் போய்விடும், அதற்குள் ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ரத்தமும் சிறுநீரும் எடுக்காவிட்டால், எவ்வளவு நல்ல கருவி இருந்தாலும் எடை போட எதுவும் மிஞ்சாது.