ஃபார்மட் செய்யும் முன் தனிச்சாவியை எடுத்து வையுங்கள்

கணினி மெதுவாகிவிட்டதென்று ஒருவர் ஃபார்மட் செய்துவிட்டார். பிறகு தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளைப் புதிதாக நிறுவினார். மெயில்கள் எல்லாம் சர்வரிலிருந்து திரும்ப இறங்கிவிட்டன. ஆனால் இரண்டு ஆண்டுகளாகத் தன் வழக்கறிஞரோடு என்கிரிப்ஷன் செய்து, அதாவது பூட்டி, நடத்திய கடிதப் போக்குவரத்தில் ஒரு வரியைக்கூட அவரால் படிக்க முடியவில்லை. அந்தக் கடிதங்களைத் திறக்கும் தனிச்சாவி என்ற கோப்பு டிஸ்க்கில் இருந்ததெல்லாவற்றோடும் அழிந்திருந்தது. என்னிடம் வந்தார், என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று அழுத்த இங்கே ஒரு பொத்தான் கிடையாது.

1991இல் பில் ஜிம்மர்மன் வெளியிட்ட பிஜிபி என்ற பூட்டும் மென்பொருள் முதல், அதன் வழிவந்த இன்றைய பொதுத் தரமான ஓபன்பிஜிபி வரை அடிப்படை ஒன்றுதான். பொதுச்சாவியை யாருக்கும் கொடுக்கலாம். அதை வைத்து உங்களுக்கு வரும் கடிதத்தைப் பூட்டுவார்கள். திறப்பது தனிச்சாவி மட்டும். அது உங்கள் கணினியில்தான் இருக்கிறது, மெயில் நிறுவனத்திடம் இல்லை. பாதுகாப்பும் ஆபத்தும் அதனால்தான்.

அமைப்பது இப்போது சுலபம். 2020இல் வந்த தண்டர்பேர்ட் 78 முதல் இதற்கென்று தனி நீட்சி (add-on) எதுவும் தேவையில்லை. கணக்கு அமைப்புகளில் என்கிரிப்ஷன் பகுதிக்குப் போய்ப் புதிய சாவி உருவாக்கினால் போதும். சாவியின் காலாவதி 3 ஆண்டு என்று அதுவே வைக்கும். அப்படியே விடுங்கள், பின்னால் நீட்டித்துக்கொள்ளலாம். அப்புறம், தண்டர்பேர்டுக்கே முதன்மை பாஸ்வேர்டு ஒன்றைக் கட்டாயம் வையுங்கள். பலர் இதைத் தவிர்த்துவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால், உங்கள் கணினியைத் திறந்து உட்காரும் யாரும் பூட்டிய கடிதங்களையும் படித்துவிடலாம்.

சாவி உருவான அன்றே பேக்கப் எடுங்கள். சாவி மேலாளரில் தனிச்சாவியைக் கோப்பாகச் சேமிக்கும் வசதி இருக்கிறது. அந்தக் கோப்புக்கும் ஒரு பாஸ்வேர்டு கேட்கும். இரண்டு பென்டிரைவ்களில் போட்டு வெவ்வேறு இடத்தில் வையுங்கள். பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதித் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். கோப்பை உங்களுக்கே மெயிலில் அனுப்பி வைக்காதீர்கள். யாரிடமிருந்து மறைக்கிறோமோ அவர்கள் கையிலேயே அது போய்ச் சேரும்.

மற்றவரின் பொதுச்சாவி வந்ததும், அதன் விரல்ரேகை எனப்படும் நீண்ட எண்ணெழுத்து வரிசையைத் தொலைபேசியில் வாசித்துச் சரிபாருங்கள். உங்களுக்குத் தெரிந்த குரலாக இருக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் வேறு யாரோ அவர் பெயரில் அனுப்பிய சாவியில் பூட்டி அனுப்பிக்கொண்டிருக்கக்கூடும். இன்னொன்று: யார் யாருக்கு எப்போது எழுதினார் என்பது இந்த என்கிரிப்ஷனில் மறையாது. சில மென்பொருள்களில் கடிதத்தின் தலைப்பும் (subject) மறையாது. நோய், வழக்கு, பணம் பற்றிய சொற்களைத் தலைப்பில் எழுதாதீர்கள்.

கடைசியாக, பேக்கப்பைச் சோதிக்க வேண்டும். நீங்கள் நம்பும் வேறொரு கணினியில் அந்தக் கோப்பை ஏற்றி, பூட்டிய பழைய மெயில் ஒன்றைத் திறந்து பாருங்கள். திறந்ததும் அங்கிருந்து சாவியை நீக்கிவிடுங்கள். நான் அமைத்துக் கொடுக்கும் வீடுகளில் இப்போது இதைச் செய்து பார்த்த பிறகுதான் கிளம்புகிறேன்.