‘ட்ரை ஹாப்பிங்’: இதில் உலர்ந்தது எது?

கிட் வாங்கி வீட்டில் பீர் காய்ச்சுகிறவர் இரண்டாவது தடவையிலேயே கேட்டுவிடுவார்: ஹாப் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் கொடிப்பூ) வாசனை இன்னும் கொஞ்சம் தூக்கலாக வர என்ன செய்யலாம்? கிடைக்கும் பதில் பெரும்பாலும் இரண்டே சொல், ‘ட்ரை ஹாப்பிங்’. அகராதியைப் புரட்டி அப்படியே பெயர்த்தால் ‘உலர் ஹாப்பிங்’ என்று வரும். நொதிகலனில் 23 லிட்டர் பீர் தளும்பிக்கொண்டிருக்க, அதில் போய் முங்குகிற பொருளுக்கு ‘உலர்’ என்று ஓர் அடைமொழியா?

முதலில் ஹாப். ஆங்கிலத்தில் துள்ளிக் குதிப்பதையும் இதே எழுத்துகளில்தான் எழுதுகிறார்கள், ஆனால் உறவு ஏதும் இல்லை. கொடியின் பெயர் 15ஆம் நூற்றாண்டு வாக்கில் டச்சு மொழியின் ‘ஹொப்ப’விலிருந்து சரக்கோடு சேர்ந்தே இங்கிலாந்துக்குப் போனது. அந்நாளில் அங்கே ஹாப் சேராதது ‘ஏல்’, சேர்ந்தது ‘பீர்’. தாவரவியல் பெயர் ஹ்யூமுலஸ் லுபுலஸ், 1753இல் அதைப் பதிந்தவர் தாவரவியலாளர் லின்னேயஸ். லுபுலஸ் என்றால் குட்டி ஓநாய். வில்லோ மரங்களில் தொற்றிப் படரும் கொடியை ‘ஓநாய்’ என்று ரோமானியர்கள் அழைத்ததன் மிச்சம் இது என்பார்கள். குடும்பத்தில் கஞ்சாவுக்கு நெருங்கிய சொந்தம்.

தனித்தமிழ் ஆர்வத்தில் ஹகரத்தை விட்டு எழுதினால் ‘ஆப்பு’ என்றாகிவிடும். தன் பீருக்குத் தானே ஆப்பு வைத்துக்கொள்வானேன்? ‘ஹாப்’ இருந்துவிட்டுப் போகட்டும். ‘ஹாப்ஸ்’ என்று ஆங்கிலப் பன்மை மட்டும் வேண்டாம். நாம் போடுவது பெண்கொடியின் பூவைத்தான், ‘ஹாப் பூ’ என்றாலே போதும்.

அந்தப் பூவை நடுவில் பிய்த்துப் பாருங்கள். இதழ்களின் அடியில் மஞ்சளாகத் தூள் ஒட்டியிருக்கும், பெயர் லுபுலின். விரலில் தேய்த்தால் பிசுபிசுக்கும், கை கழுவிய பிறகும் மணம் விடாது. கசப்பைத் தரும் ஆல்ஃபா அமிலமும் மணத்தைத் தரும் எண்ணெய்களும் இந்தத் தூளுக்குள்தான் குடியிருக்கின்றன. கொதிக்கவைத்தால் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகும். அமிலம் ஒரு மணி நேரம் போலக் கொதித்தால்தான் உருமாறி, கரைந்து, கசப்பாகும். அதே ஒரு மணி நேரத்தில் எண்ணெய்கள் ஆவியோடு கிளம்பிவிடும்.

கிட்டில் வரும் 1.7 கிலோ டப்பாவில் இருப்பது கசப்பு ஏற்கெனவே ஏறிய மால்ட் (முளைகட்டிய பார்லி) பாகு. சுண்டவைத்துப் பாகாக்கும்போதே மணம் போய்விடுகிறது. ஆகவே அதற்குக் குறை கசப்பில் இல்லை, மணத்தில். இது புரியாமல் நான் ஒருமுறை டப்பா முழுவதையும் 30 கிராம் ஹாப்போடு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டேன். வீடெல்லாம் கமகமவென்று இருந்தது. பீரோ எட்டிக்காய். வீடெல்லாம் மணத்ததே, கிளாஸில் இருந்திருக்க வேண்டியது அதுதான்.

‘ட்ரை’ என்பதன் பொருள் இங்கேதான் பிடிபடுகிறது: கொதிபானைக்குப் போகாமல், பூவை இருந்தபடியே பீரில் போடுவது. இங்கிலாந்தில் பீப்பாயை அடைக்கும்முன் ஒரு பிடி ஹாப்பை உள்ளே போடும் வழக்கம் இந்த வகைதான்.

‘ஃப்ளேவர்’ என்ற சொல்லும் குழப்பத்துக்குத் துணைபோகிறது. நாக்கும் மூக்கும் சேர்ந்து அறிவதை ஆங்கிலம் ஒரே சொல்லில் கட்டிவிடும். தமிழில் சுவை வேறு, மணம் வேறு. “ஹாப் ஃப்ளேவர் கூட்டணும்” என்பவரிடம் “கசப்பா, மணமா?” என்று கேட்டாலே பாதி வேலை முடிந்தது.

சரியான தமிழ்ச்சொல்? ‘பச்சை ஹாப்’ எனலாமா என்று யோசித்தேன். ஆனால் பறித்துக் காயவைக்காத பூவையும் பயன்படுத்துகிறார்கள், அந்தப் பெயர் அதற்குத்தான் பொருந்தும். ‘ஊறல்’ அழகான சொல். ஆனால் செய்தித்தாளில் போலீஸார் அழித்த சாராய ஊறல்தான் நினைவுக்கு வந்து தொலைக்கும். என் தேர்வு ‘கொதியா மணமூட்டல்’. கொஞ்சம் நீளம்தான், ஆனால் செய்முறையே பெயரில் இருக்கிறது.

நொதித்தல் அடங்கி, ஹைட்ரோமீட்டர் (திரவத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி) இரண்டு நாள் ஒரே அளவைக் காட்டிய பிறகு 23 லிட்டருக்கு 25 முதல் 50 கிராம் போட்டு, மூன்று முதல் ஐந்து நாள் விடலாம். முந்திப் போட்டால் பொங்கி வெளியேறும் வாயு மணத்தையும் அள்ளிப்போகும். வெகுநாள் விட்டால் புல் வாடை வரும். ஹாப்பைத் தூளாக்கி அச்சில் அழுத்திய பெல்லட்டை ஒரேயடியாகக் கொட்ட வேண்டாம், கரைந்திருக்கும் வாயு நுரையாகச் சீறி மூடிவரை ஏறும். இன்னொன்று: ஹாப்பில் உள்ள நொதிகள் ஈஸ்ட் தின்ன முடியாமல் விட்ட மாவுச்சத்துத் துண்டுகளை உடைத்து ஈஸ்ட்டுக்கு மறுபடி தீனி போடும். அதனால் பாட்டிலில் அடைக்குமுன் இன்னொரு தடவை அளந்து பார்ப்பது நல்லது, இல்லையென்றால் பாட்டில் வெடிக்கக்கூடும்.

‘ஹாப் டீ’ இதன் தங்கை. கொதிநிலைக்குக் கீழே, 80 டிகிரிக்குள் ஆறிய வெந்நீரில் பூவைக் கால் மணி நேரம் போட்டு, வடித்து ஊற்றுவது. இதைக் ‘கஷாயம்’ என்றால் தப்பு, கஷாயம் கொதித்துச் சுண்டுவது. ‘ஹாப் வடிநீர்’ பொருத்தம்.

வீட்டு பீருக்கே சொல் தேடுகிறவர்களுக்குச் சங்கப் பாட்டில் ‘இல்லடு கள்’ இருக்கிறது, இல்லத்தில் அட்ட கள். தெளிந்த கள்ளுக்குத் ‘தேறல்’ என்று பெயர். நொதிகலனை இரண்டு நாள் குளிரில் வைத்து, ஹாப் துகளெல்லாம் பச்சைச் சேறாக அடியில் படிந்தபின் குழாய் வைத்து மேலாக இறக்குகிறோமே, அதையும் தேறல் என்றே சொல்லலாம்.