வெட்டினால் எந்தப் பக்கம் தலை முளைக்கும்?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு மாணவி கேட்டிருந்தார்: “மாரிமழைக்குக் கிணத்தடியில ஒரு புழு வந்திச்சு. மண்வெட்டி மாதிரித் தலை. அம்மம்மா பாம்புக்குட்டி எண்டு வெட்டிப்போட்டா. ரெண்டு துண்டும் ஊருது. எப்படி?”

பாம்புக்குட்டி இல்லை, தங்கச்சி. அது மண்புழுவைத் தின்னும் தரைவாழ் தட்டைப்புழு. அதன் இனங்கள் சிலவற்றில் பேத்தை மீனின் நஞ்சு இருப்பதால் கையால் தொட வேண்டாம். வெட்டவும் வேண்டாம், ஒன்று இரண்டாகிவிடும்.

இதன் நன்னீர் உறவான பிளனேரியாவில்தான் ஆய்வுகள் அதிகம். 279இல் ஒரு பங்குத் துண்டுகூட முழுப்புழுவாகும் என்று 1898இல் அமெரிக்க உயிரியலாளர் தோமஸ் ஹன்ட் மோர்கன் எழுதினார். காரணம், உடலெங்கும் பரவிக் கிடக்கும் நியோபிளாஸ்ட் எனும் கலங்கள். கண், குடல், நரம்பு என எதுவாகவும் இவை மாறும். கதிர்வீச்சால் இவற்றை இழந்து சாகவிருந்த புழுவுக்குள் இப்படியொரு கலத்தை மட்டும் செலுத்தி, அதைப் பிழைக்கவைத்தார்கள் (2011).

சரி, கலம் இருக்கிறது. எங்கே தலை, எங்கே வால் என்று யார் சொல்வது? என்னை மயக்குவது இதுதான். ஒரே வெட்டு; அதன் இருபுறமும் சற்றுமுன்வரை ஒட்டியிருந்த அயல் கலங்கள். ஒரு பக்கம் வால் முளைக்கிறது, மறுபக்கம் தலை. காயம்பட்ட இடமெல்லாம் தசைக்கலங்கள் ‘விண்ட்’ என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அது “வாலாகு” என்னும் கட்டளை. ஆனால் தலை இருந்த திசையைப் பார்த்த காயத்தில் மட்டும் ‘நோட்டம்’ என்ற நொதியும் உருவாகிறது. விண்ட் புரதத்தோடு ஒட்டியுள்ள கொழுப்பமிலத்தை அது கத்தரித்துவிடும். கட்டளை செயலிழக்கும், தலை வளரும்.

விண்டின் சொல்லைக் கலத்துக்குள் கொண்டுசெல்லும் பீட்டா-கெட்டினின் என்ற புரதத்தை 2008இல் முடக்கிப் பார்த்தார்கள். வால் வரவேண்டிய இடத்திலும் தலை வந்தது! கண்களும் மூளையும் உள்ள முழுத்தலை.

“இதால என்ன பயன்?” என்று கேட்டு இப்படியான அடிப்படை ஆய்வுகளுக்குக் காசு மறுப்பது பெரும் பிழை. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே தனி நிதி ஒதுக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் தொடங்கவோ ஒரு பிளேடும் சுத்தமான நன்னீரும் போதும். ஒரு கிழமை பட்டினி போட்ட பிளனேரியாவை மூன்றாக வெட்டி, நடுத்துண்டைத் தனியாக வையுங்கள். அடுத்த ஓரிரு கிழமைக்குள் அதன் முன்முனையில் இரண்டு கறுப்புப் புள்ளிகள் தெரியும். அவை புதுக்கண்கள்.