கக்கத்தில் ஒரு கறுத்த பொருக்கு

கார்த்திகை மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம். கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டுகிற ஒருவரின் மனைவி எங்கள் மருந்துக்கடைக்கு வந்து, "அண்ணே, அவருக்குப் பனி விட்டபாடில்லை. இதே மாத்திரையை இன்னும் மூணு நாளைக்குத் தாருங்க" என்றார். கையில் ஒரு காலி அட்டை. செஃபிக்ஸிம் என்ற ஆன்டிபயாடிக். எங்கள் பக்கம் காய்ச்சலைப் பனி என்று சொல்வதுண்டு.

காய்ச்சல் தொடங்கி ஆறு நாள் ஆகியிருந்தது. தலைவலி மண்டையைப் பிளக்கிறது, கூடவே வறட்டு இருமல். மாத்திரையை யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டேன். யாரும் எழுதவில்லை, வேறொரு கடையில் கேட்டு வாங்கியது. நான் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "உடம்பில் எங்கேயாவது பீடி சுட்ட மாதிரி கறுத்த பொருக்கு இருக்கா?" என்றேன். இல்லை என்றார். "கக்கம், இடுப்பு, தொடை இடுக்கு, காதுக்குப் பின்னால், எல்லா இடமும் டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு எனக்கு போன் பண்ணுங்க. எது இருந்தாலும் இல்லாவிட்டாலும் இன்னைக்கே டாக்டரைப் பார்த்தாகணும்" என்று சொல்லி அனுப்பினேன்.

அரை மணி நேரத்தில் அழைப்பு வந்தது. இடது கக்கத்தில் இருக்கிறதாம். வலிக்கவில்லை, அரிக்கவும் இல்லை, அதனால் அவர் யாரிடமும் சொல்லவில்லை. அன்று இரவே ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். உண்ணிக் காய்ச்சல், அதாவது ஸ்கிரப் டைபஸ். சிகிச்சை தொடங்கி இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது.

உண்ணி என்றதும் எல்லோரும் நாயின் காதில் ஒட்டியிருக்கும் உண்ணியை நினைக்கிறார்கள். இது அது இல்லை. புதரிலும் புல்லிலும் இருக்கும் ஒரு சிறுபூச்சியின் இளம்பருவம், கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம். எலிகளின் மேல் ஒட்டி வாழும், அந்தப் பக்கம் போகிற மனிதன் மேலும் ஏறிவிடும். துணி இறுக்கிப் பிடித்திருக்கும் மடிப்புகளில் போய்க் கடிக்கிறது. கடித்த இடத்தில்தான் பலருக்கு அந்தக் கறுத்த பொருக்கு வருகிறது. கடித்த அன்று ஒன்றும் தெரியாது, பெரும்பாலும் பத்து நாள் போலக் கழித்துத்தான் காய்ச்சல் வரும். அதற்குள் புதருக்குள் போனதையே நாம் மறந்திருப்போம். கேரளத்தில் இதைச் செள்ளுப் பனி என்பார்கள். பால் வெட்டுகிறவர்கள், அன்னாசித் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள், மரச்சீனி விளைகளில் காடு வெட்டுகிறவர்கள், வீட்டுக்குப் பின்னால் ஆட்டுக்குத் தழை ஒடிக்கிற அம்மாக்கள் எல்லோருக்கும் இது வரலாம். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் புதருக்கும் பஞ்சமில்லை.

செஃபிக்ஸிம் ஏன் கேட்கவில்லை என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். கடையில் தினமும் இதைத்தான் நான் விளக்கிக்கொண்டிருக்கிறேன். அமாக்ஸிசிலின், செஃபிக்ஸிம் போன்ற மருந்துகள் பாக்டீரியாவின் செல்சுவரைக் கட்டவிடாமல் செய்து அதைக் கொல்பவை. இந்த நோயைத் தரும் ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்ற கிருமிக்கு அப்படி உறுதியான சுவரே கிடையாது. போதாக்குறைக்கு அது நம் செல்களுக்கு உள்ளேயே புகுந்து வாழ்கிறது. இல்லாத சுவரை இடிக்கப் போகிறது மாத்திரை. இந்த நோய்க்குக் கொடுக்கும் டாக்ஸிசைக்ளினும் அஸித்ரோமைசினும் அப்படியல்ல. அவை செல்லுக்குள் போய், கிருமி தனக்கான புரதத்தைச் செய்யும் ரைபோசோம் என்ற பட்டறையையே நிறுத்துகின்றன. டாக்ஸிசைக்ளின் அந்தப் பட்டறையின் சிறிய பாகத்தைப் பிடிக்கிறது, அஸித்ரோமைசின் பெரிய பாகத்தை.

இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு நம் நாட்டிலிருந்தே பதில் வந்தது. வேலூர் சிஎம்சி முன்னின்று, இந்தியாவின் 7 மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வு அது. 2023 மார்ச்சில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியானது. நோய் கடுமையாகி நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று ஏதாவது ஓர் உறுப்பாவது பாதிக்கப்பட்டவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்து, 7 நாள் ரத்தக்குழாய் வழியாக மருந்து கொடுத்தார்கள். 794 பேரின் விவரங்களை அலசினார்கள். டாக்ஸிசைக்ளின் மட்டும் பெற்றவர்களில் 100க்கு 47 பேருக்கும், அஸித்ரோமைசின் மட்டும் பெற்றவர்களில் 48 பேருக்கும் மரணமோ, 7ஆம் நாளிலும் தீராத சிக்கலோ, 5ஆம் நாளிலும் விடாத காய்ச்சலோ இருந்தது. இரண்டும் சேர்த்துப் பெற்றவர்களில் அது 33. மரணத்தை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் மூன்று குழுக்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அதையும் மறைக்காமல் சொல்லித்தான் இந்த முடிவைப் படிக்க வேண்டும். சிக்கல்களும் காய்ச்சலும் சீக்கிரம் அடங்கின என்பதே பெரிய லாபம்.

இந்த ஆய்வைப் பற்றிப் பேசும்போது எனக்கு ஒரு பயமும் உண்டு. செய்தி வாட்ஸ்அப்பில் சுருங்கி வரும்போது "ஒண்ணை விட ரெண்டு நல்லது" என்று ஆகிவிடுகிறது. ஒரு தம்பி அதைக் காட்டி இரண்டு மாத்திரையையும் கேட்டார். ஆய்வு, மருத்துவமனையில் படுத்திருந்த கடுமையான நோயாளிகளுக்கு ஊசி வழியாகக் கொடுத்ததைப் பற்றியது. வீட்டில் நடமாடிக்கொண்டிருக்கிற காய்ச்சல்காரருக்கு அது பொருந்தாது. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலும் ஒரே மருந்து போதும், அதுவும் விலை குறைந்த மருந்து. எது என்று மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு வழக்கமாக அஸித்ரோமைசினைத்தான் எழுதுவார்கள்.

2025இல் அதே இதழில் இன்னொரு ஆய்வு வந்தது. தமிழ்நாட்டின் 37 கிராமங்களில் 32,000 பேருக்கு மேல் 2 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். நோய் பரவியிருக்கும் கிராமங்களில் ஆண்டுக்குப் பத்தில் ஒருவர் வரை இந்தக் கிருமியின் தொற்றுக்கு ஆளாகிறார்கள், அதில் பலருக்குக் காய்ச்சலே வருவதில்லை என்று தெரிந்தது. அது நம் மாவட்டத்தின் கணக்கு இல்லை. ஆனாலும் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் கேட்டு வந்து என் மேசையில் கை ஊன்றி நின்ற எத்தனை பேருக்கு இது இருந்திருக்கும்! வேலைக்குச் சேர்ந்த புதிதில், கூட்ட நேரத்தில், நானும் அப்படி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அது தவறு. அட்டையில் சிவப்புக் கோடு போட்டிருப்பதே சீட்டு இல்லாமல் தரக் கூடாது என்பதற்காகத்தான்.

பொருக்கு எல்லோருக்கும் இருக்காது. அது இல்லை என்பதாலேயே இந்த நோய் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். ரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடும் பரிசோதனையும் காய்ச்சல் தொடங்கி ஏறக்குறைய ஒரு வாரம் கழித்தே தெளிவாகக் காட்டும். ஆகவே மருத்துவரிடம் போகும்போது "தோட்டத்தில் வேலை, புதரில் புழக்கம்" என்பதை நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ, மூத்திரம் குறைந்தாலோ நேராகப் பெரிய ஆஸ்பத்திரிதான்.

தடுக்க ஊசி எதுவும் இன்னும் இல்லை. முழுக்கைச் சட்டை, கால்மூடிய செருப்பு, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் குளியல், போட்டிருந்த துணியைத் துவைப்பது, துணியைப் புதர் மேல் காயப்போடாமல் கொடியில் போடுவது. வீட்டைச் சுற்றிக் காடு மண்ட விடாதீர்கள்.

அந்தப் பால் வெட்டுகிறவர் வீடு திரும்பிய பிறகு மீதி நாளுக்கு டாக்ஸிசைக்ளின் எழுதிய சீட்டோடு அவர் மனைவி வந்தார். நான் சொன்னதை அப்படியே இங்கேயும் சொல்கிறேன். கஞ்சி குடித்த பிறகு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு, உட்கார்ந்துகொண்டு விழுங்க வேண்டும். விழுங்கிய கையோடு படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். பாலோடு வேண்டாம். வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட், இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மூன்று மணி நேரமாவது இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் மருந்து உடம்பில் சேராது. வெயில் பட்டால் தோல் சிவந்து எரியும். காய்ச்சல் விட்டுவிட்டது என்று பாதியில் நிறுத்தக் கூடாது.

"வெயில் ஏறும் முன்னே பால் வெட்டிட்டு வந்திருவாரு அண்ணே" என்றார் அவர். இந்த வாரம் வெட்டவே போக வேண்டாம் என்றேன்.